வேட்டைக்காரர் சங்கத்திலிருந்து நீதிமன்றம் வரை

இலங்கையின் மிகப் பழைய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கியவர்கள் வேட்டைக்காரர்கள் என்றால் வாசகர்களில் சிலர் வியப்படையக்கூடும். 1894ஆம் ஆண்டு தோன்றிய அச்சங்கத்தின் கவலையெல்லாம் சுடுவதற்கு விலங்குகள் இல்லாமற் போய்விடுமே என்பதுதான். அதுவே பின்னாளில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக உருமாறியது.

1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜா வனத்தில் மரங்கள் தறிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. 1977இல் தறிப்பு நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. பின்னர் களம் நீதிமன்றத்துக்கு மாறியது. எப்பாவல பொஸ்பேற் படிவுகளை அகழ்ந்தெடுக்கும் திட்டத்தை, அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தடுத்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் அனர்த்தம் நிகழ்ந்தது 2021இல். சுற்றாடல் நீதிக்கான நிலையம் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு 2025இல் தீர்ப்பு வந்தது. இவை சிறிய சாதனைகளல்ல.

ஆயினும் ஒரு மாற்றம் என்னை உறுத்துகிறது. நான் பத்திரிகைத் துறையில் நுழைந்த 1990களில், சுற்றாடல் ஆர்வலர் என்பவர் கையெழுத்துப் பிரதியொன்றுடன் எமது அலுவலகப் படியேறி வருவார். அவரது சட்டையில் ஊர்ப் புழுதி இருக்கும். இன்று வருவது கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நடைபெறும் செயலமர்வுக்கான அழைப்பிதழ். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நிதி முடிந்தால் திட்டமும் முடிந்துவிடும். நிபுணத்துவம் வளர்ந்திருக்கிறது, ஊரோடான உறவு தேய்ந்திருக்கிறது.

அவர்களை மட்டும் குறைகூறித் தப்பிக்கொள்ள எமக்கு உரிமையில்லை. சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்தபோது யாழ்ப்பாணத்தில் போராட்டங்கள் நடந்தன. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ஒருவர். 2019இல் வந்த தீர்ப்பில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. அவருக்கு நாம் நன்றிக்கடன்பட்டவர்கள். ஆறுகளற்ற குடாநாட்டில் நிலத்தடி நீரே உயிர்நாடி. இருந்தும் அந்தப் போராட்டம், நீரைத் தொடர்ந்து கண்காணிக்கும் நிலையான மக்கள் அமைப்பாக வளர்ந்ததை நான் காணவில்லை.

புலம்பெயர்ந்த எமது உறவுகள் ஊர்க் கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் தாராளமாக வழங்குகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கு, ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் பரிசோதித்து முடிவைத் தமிழில் வெளியிடும் அமைப்புகளுக்குச் செல்லட்டும். நீதிமன்றம் இழப்பீட்டை வாங்கித்தரலாம். கிணற்றைக் காப்பது அதில் நீர் அள்ளுபவரின் பொறுப்பு.