பாண் வெட்டுங் கத்தி

வன்னியில் இன்று காலைப்பொழுதின் ஓசைகளுள் பாண் வண்டியின் இசையும் ஒன்றாகிவிட்டது. முச்சக்கர வண்டியொன்று ஒழுங்கைக்குள் நுழைகிறது. ஜெர்மானிய இசைமேதை பீதோவன் 1810இல் பியானோவுக்கென அமைத்த சிறுமெட்டு அதிலிருந்து எழுகிறது. பிள்ளைகள் படலைக்கு ஓடுகின்றனர். ஒரு றாத்தல் பாண் அடுக்களைக்கு வந்து சேர்கிறது. அதன்பின் அங்கே நிகழ்வதைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணியுள்ளோம்.

மீன் வெட்டிய கத்தியோ, பூசணி பிளந்த கத்தியோ, எது கைக்கு எட்டுகிறதோ அதனால் பாணின் தலையில் ஓர் அழுத்து! மேற்புறம் உள்ளே புதைகிறது, பக்கங்கள் பிதுங்குகின்றன. முதல் துண்டு செங்கற் கனம். இரண்டாவது ஆப்புப் போல ஒருபுறம் சரிந்தது. ஐந்தாறு பேருக்குப் பங்கிட்டு முடியும்போது எஞ்சுவது பாண்தூளும், பிசைந்த மாப்போலான ஒரு கட்டியுமே. அந்தக் கடைசித் துண்டு யாருடைய பங்காகிறது என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நாம் கண்ட வீடுகளில் எல்லாம் அது தாயின் பங்குதான்.

இதில் இல்லத்தரசியர்மீது குற்றஞ் சொல்வதற்கில்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் பெயரால் வாழும் நெல்விளையும் நிலம் நம்முடையது. நெல்லுக்கும் சோற்றுக்கும் வேண்டிய உரல், உலக்கை, சுளகு, அரிக்கன்சட்டி யாவும் நம் வீட்டில் உண்டு. பாணோ வெளியிலிருந்து வந்தது. அச்சொல் போத்துக்கேயருடையது, அது வேகும் போறணையின் பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. கோதுமை இன்றுங்கூடக் கப்பலேறி வருகிறது. திருகோணமலைச் சீனக்குடாவிலே 1980 முதல் இயங்கும் பேராலை அதனை மாவாக்குகிறது. பேக்கரிக்கு வெதுப்பகம் என்று நல்ல தமிழ்ப்பெயரும் சூட்டிப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டோம். பெயரும் மாவும் போறணையும் வந்து சேர்ந்தன. கத்தி மட்டும் உடன் வரவில்லை.

வந்திருந்த வீடுகளிலும் அது நிலைக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையினால் எத்தனையோ பொருள்கள் வன்னிக்கு வாராது நின்றன. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின்னரே கடைகள் மெல்ல நிறைந்தன. நிறைந்த வீடுகளும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெறுமையாயின. ஊர் திரும்பிப் புதுக்குடித்தனம் தொடங்கியோர் பானையும் சட்டியும் வாங்கியபின் ஒரேயொரு கத்தி வாங்கினர். அதுவே எல்லாவற்றுக்கும் ஆயிற்று. பாண் மலிவாயிருந்தவரை இதனால் பெரிய நட்டமில்லை எனலாம். 2022இன் நெருக்கடியில் பாணின் விலை ஏறிய வேகத்தைக் கண்டபின் அவ்வாறு சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நாளொன்றுக்கு ஒரு துண்டு நசுங்கிப் போனாலும் ஆண்டு முடிவில் அது எத்தனை றாத்தல் என்று பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கூரிய கத்தி இருந்தாலே போதாதோ என்று சிலர் கேட்பர். போதாது. வெதுப்பகத்துப் பாணின் மேலும் கீழும் வரட்டுப் பொருக்கு, உள்ளே பஞ்சு. பொருக்கு அறுபடுமுன் பஞ்சு அமிழ்ந்துவிடுகிறது. பாண் வெட்டுங் கத்தியின் அலகிலோ சிறு பற்கள் வரிசையாக உள்ளன. அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுக்க வருவது என்று மாணவர்கள் விஞ்ஞான பாடத்திற் படித்திருப்பர். பல்லின் நுனி மிகச் சிறு பரப்பு. ஆகவே கையின் சிறு விசையே அங்கே பெரும் அமுக்கமாகிப் பொருக்கைத் திறந்துவிடுகிறது. எஞ்சிய வேலையைச் செய்வது முன்னும் பின்னுமான இழுப்பு. ஆகையால் இதனைப் ‘பாண் அரியுங் கத்தி’ என்பதே பொருத்தம். வெட்டுதல் என்ற சொல்லே நம் கையைப் பிழையாகப் பழக்கிவிட்டதோ என்னவோ!

1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலேயே ஜெர்மனியின் பிரெடெரிக் டிக் கம்பனியார் பாண் கத்தியைக் காட்சிக்கு வைத்தனர். பின்னர் அமெரிக்கர் யோசேப்பு பேர்ன்ஸ் என்பார், மரம் அரியும் வாளைப்போலப் பாணைப் பிறாண்டாத பல்வரிசையொன்றை அமைத்து உரிமை பெற்றார். மரவாளின் பல் வேறு, பாண் கத்தியின் பல் வேறு என்பதை வாங்கச் செல்வோர் மறக்கலாகாது.

கடையில் முதலிற் பார்க்க வேண்டியது நீளம். அலகு பாணின் அகலத்தைப் போல இருமடங்கேனும் இருந்தாலன்றி இழுத்து அரிய இடமிராது. 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நன்று. அடுத்துப் பற்கள். நுணுக்கமான ஊசிப் பற்கள் தூளையே பெருக்கும். சற்றே அகன்று, அலைபோல் நெளிந்த பற்களே நமக்கு வேண்டியவை. அலகை விரலால் மெல்ல வளைத்தால் உடனே நேராக நிமிர வேண்டும். பிடி ஆட்டங் காணக்கூடாது. பெரும்பாலான கத்திகள் ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடிக்கப்பட்டவை, அதுவும் வலக்கையருக்காக. இடக்கைப் பிள்ளை அரியும் துண்டு கோணலாயின் அதன்மேற் சினக்க வேண்டாம்.

ஊர்க் கொல்லரிடம் செய்விப்பதானால் நல்லது. லொறியின் பழைய வில்லுத்தகடு உறுதியான உருக்கு. பல்லை முப்பட்டை அரத்தால் வெட்ட விடாமல், உருட்டு அரத்தால் நெளிவாக அராவித் தரச் சொல்லுக. ஒன்று மட்டும்: வயலிலும் பற்றையிலும் கிடந்த இரும்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். நம் மண்ணில் கிடக்கும் இரும்பெல்லாம் வெறும் இரும்பன்று. பிள்ளைகளுக்கும் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்.

அரியும் முறையும் உண்டு. போறணையிலிருந்து இறங்கிய சூட்டோடு பாணை அரிந்தால் எந்தக் கத்தியும் பிசுபிசுத்துப் போகும், ஆறவிடுக. பாணைப் பக்கவாட்டிற் படுக்க வைத்து, பிய்த்தெடுத்த மென்பக்கத்தில் தொடங்கினால் பொருக்கு எதிர்க்காது. பலகைமேல் வைத்தே அரிக. பீங்கான் கோப்பைமேல் அரிந்தால் பல்முனை மழுங்கும். நெஞ்சோடு பாணை அணைத்துக்கொண்டு தம்மை நோக்கிக் கத்தியை இழுக்கும் பெரியவர்களைக் கண்டிருக்கிறோம். அவர்கள் திறமையை மெச்சலாம், பின்பற்றக்கூடாது.

இனிப் பராமரிப்பு. இக்கத்தியைப் பாணுக்கன்றி வேறெதற்கும் கொடாதீர்கள். ஒருநாள் கோழியெலும்பில் பட்டால் பல் போயிற்று. எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் கறையில் உருக்கு, 1913இல் ஷெபீல்டில் ஹரி பிரியர்லி உருவாக்கியதன் வழிவந்தது. குரோமியம் கலந்த அவ்வுருக்கும் உப்புக்கு முழுதும் தப்பியதன்று. முல்லைத்தீவுக் கரையோரக் காற்றிலும் சவர்த் தண்ணீரிலும் அதன்மேற் புள்ளிகள் விழும். கழுவியவுடன் துணியால் முதுகுப்புறமிருந்து துடைத்து உலர்த்துக. சவர்க்கார நீரில் ஊறவிட்டால் மரப்பிடி வெடிக்கும். நுரைக்குள் கத்தி இருப்பதறியாது கைவிடும் பிள்ளையின் விரலும் போகும். கொல்லர் செய்த கத்தியாயின் துளி தேங்காயெண்ணெய் பூசி வைக்கலாம்.

சாணைச் சில்லுக்கு இதனைக் கொடுத்தால் பல்லெல்லாம் தேய்ந்து சாதாரணக் கத்தியாகத் திரும்பி வரும். பாணன்றி வேறெதுவும் அரியாத கத்திக்குப் பல ஆண்டுகள் தீட்டவே தேவை நேராது. நேர்ந்தால், மெல்லிய உருட்டு அரத்தை ஒவ்வொரு நெளிவிலும் சரிந்த பக்கத்தில் இரண்டு மூன்று முறை தள்ளி, பின் தட்டைப் பக்கத்தைக் கல்லின்மேற் படுக்க வைத்து ஒருதரம் இழுத்தாற் போதும்.

மற்றக் கத்திகளோடு பெட்டியிற் போட்டுக் குலுங்கவிடாமல், பனையோலையால் ஓர் உறை பின்னி, பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் செருகி வையுங்கள். ஓலை பின்னத் தெரிந்த பாட்டி அயலில் இருந்தால் அரைமணி நேர வேலை. கூலியாக நாலு துண்டு பாணும் ஒரு கிண்ணம் சம்பலும் கொடுத்து அனுப்புங்கள், ஒரே கனமான துண்டுகளாக.