இசைத் தாளும் கண்ணாடித் திரையும்

இசை செவிக்கு உரியது என்பர். மேலை இசை பயில்வோர்க்கோ அது முதலில் கண்ணுக்கு உரியது! ஐந்து கோடுகளையும் அவற்றின்மேல் ஏறி இறங்கும் புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். தாளின் அடியை எட்டியதும், இரு கைகளும் வேலையாயிருக்கும் அந்த நொடியிலேயே, பக்கத்தையும் புரட்ட வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்போரும், டிரினிட்டி தேர்வுக்கு வயலின் பழகுவோரும் நம்மிடையே உண்டு. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் துணிக் கிளிப் மாட்டிக்கொண்டு வாசித்த அவர்கள் கையில் இன்று டேப்லெட் ஏறியிருக்கிறது. நல்லதே. ஆனால், அதில் எந்தச் செயலியைப் போடுவது?

இக்கேள்வி எழுந்ததும் எதில் வசதி மிகுதி என்றே நண்பர்கள் பேசத் தொடங்குகிறார்கள். என் கருத்து வேறு. நாம் ஒப்படைப்பதை ஒரு செயலி நமக்குத் திருப்பித் தருமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நாம் ஒப்படைப்பதுதான் என்ன? அச்சிட்ட இசைத் தாளையா? அது எவர்க்கும் கிடைக்கும். 2006-இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. என்னும் இணைய நூலகத்தில் பாக், பீத்தோவன் முதலானோரின் படைப்புகளை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். எங்கும் கிடைக்காதது, அத்தாளின்மேல் நாம் இட்ட குறிகள். இவ்விடத்தில் மூச்சு வாங்கு, இந்தச் சுரத்துக்கு மூன்றாம் விரல், இங்கே ஆல்ட்டோ தாமதிக்கும், காத்திரு! பல ஆண்டுப் பயிற்சி அந்தப் பென்சில் கீறல்களில்தான் இருக்கிறது.

இங்கேதான் சூட்சுமம். பல செயலிகள் பி.டி.எஃப். பக்கத்தைத் தொடுவதில்லை. நம் குறிகளைத் தனியாகத் தம் கிடங்கில் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் பக்கத்தின்மேல் போர்த்துகின்றன. கோப்பை மட்டும் வேறு கருவிக்கு மாற்றினால் பக்கம் வெறுமையாகப் போய்ச் சேரும். 'குறிப்புகளுடன் ஏற்றுமதி' என்ற வழி இருந்தால்தான் குறிகளும் உடன் வரும். ஆப்பிள் கருவிகளுக்கான ஃபோர்ஸ்கோரிலும், ஆண்ட்ராய்டிலும் விண்டோசிலும் இயங்கும் மொபைல்ஷீட்சிலும் அந்த வழி உண்டு. வேறெதையேனும் வாங்குவதாயின், ஒரே பக்கத்தை ஏற்றி, சிவப்பில் நாலு கோடு கிழித்து, வெளியே எடுத்து, இன்னொருவர் கைபேசியில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்குமே என்பார் உண்டு. அந்தக் கிடங்கின் சாவி யாரிடம்? 1988 முதல் விற்பனையிலிருந்த ஃபினாலே என்னும் இசை எழுதும் மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. மியூசிக் எக்ஸ்.எம்.எல். என்னும் பொது வடிவில் தம் படைப்புகளை முன்பே எடுத்து வைத்திருந்தோர் கலங்கவில்லை. ஏனையோர் அவசர அவசரமாக மாற்றி எடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை பெரிய மென்பொருளுக்கே அக்கதி. மாதச் சந்தாவில் ஓடும் ஒரு சிறு செயலியை நம்பி நம் ஏடு முழுவதையும் அடகு வைக்கலாமா? சந்தா நின்றபின் நம் பக்கங்கள் திறக்குமா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் கேட்டறிவதில் வெட்கமில்லை.

ஆப்பிள் வாங்கினால்தான் இசை வரும் என்ற பேச்சும் நமக்குப் பொருந்தாது. நம்மில் பெரும்பாலோர் கையிலுள்ளது பத்து அங்குல ஆண்ட்ராய்டு. அதன் குறை செயலியில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இத்திரையின் அகலமோ 13 அல்லது 14 சென்டிமீட்டர். புள்ளிகள் மூன்றில் இரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே வெள்ளை ஓரங்களை வெட்டித் தள்ளும் வசதி இன்றியமையாதது. அரைப்பக்கப் புரட்டலும் அவ்வாறே: கீழ்ப்பாதியை நாம் வாசித்துக்கொண்டிருக்கையில் மேற்பாதியில் அடுத்த பக்கம் வந்து காத்திருக்கும். மெட்ரோனோம், வண்ண வண்ணப் பேனாக்கள் முதலியவை இருந்தால் இருக்கட்டும்.

காலால் மிதித்துப் பக்கம் புரட்டும் புளூடூத் பெடலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பொதுவாக அது விசைப்பலகையைப் போலவே நடித்து, 'அடுத்த பக்கம்' என்ற விசையை அழுத்துகிறது, அவ்வளவே. அதை ஏற்காத செயலியை விட்டுவிடுங்கள். (ஆராதனை நடுவே அழைப்போ அறிவிப்போ குறுக்கிடாதிருக்க விமானப் பயன்முறையை இடுவோர், புளூடூத்தை மீண்டும் இயக்க மறவாதீர்!)

கடைசியாக ஒன்று. பழைய தாள்களைப் படமெடுத்து ஏற்றியதும் மூலத்தை எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் பரவி வருகிறது. தயவு செய்து வேண்டாம். கைபேசிப் படத்தில் மங்கிய பென்சில் பாதி விழாது; அழித்துத் திருத்திய தடம் அறவே விழாது. பகல் வெளிச்சத்தில், தாளைத் தட்டையாக வைத்துப் படமெடுத்து, குறிகளைத் திரையில் மீண்டும் எழுதி முடிக்கும் வரையிலேனும் அந்தக் கட்டு அலமாரியில் கிடக்கட்டும்.