மறைத்தூதுப் பயணம் முடிந்த பின்

அனுப்பப்பட்ட எழுபத்திரண்டு சீடரும் மகிழ்ச்சியோடு திரும்பி வந்ததை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் கூறுகின்றது. பேய்களும் தங்களுக்கு அடிபணிந்தன என்று அவர்கள் பெருமையோடு அறிவித்தார்கள். இயேசுவோ, அதற்காக மகிழ வேண்டாம் எனத் தடுத்து, அவர்களின் மகிழ்ச்சியை வேறு திசைக்குத் திருப்பினார். பணி முடித்துத் திரும்புவோர் தம் சாதனையில் மயங்கிவிடும் ஆபத்தை ஆண்டவர் அன்றே கண்டிருந்தார்.

இன்று ஒரு வாரம், பத்து நாள் என்று வறிய நாடுகளுக்குச் செல்லும் மறைத்தூதுப் பயணங்கள், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவின் சபைகளில், பெருவழக்காகிவிட்டன. இளைஞர்கள் சுவருக்கு வர்ணம் பூசுகின்றார்கள்; சிறுவர் இல்லத்தில் பாட்டுக் கற்பிக்கின்றார்கள்; கடைசி நாளில் பிள்ளைகளைக் கட்டியணைத்துக் கண்ணீரோடு விமானம் ஏறுகின்றார்கள். அக்கண்ணீர் பொய்யன்று. ஆயினும் அடுத்த வாரம் வேறொரு குழு வருகின்றது. அதே பாட்டு, அதே அணைப்பு, அதே பிரிவு. போனவருக்கு அது வாழ்நாள் அனுபவம். நின்றுவிட்ட பிள்ளைக்கு அது எத்தனையாவது பிரிவு?

கரீபியன் நாடான ஹெயிட்டியை எண்ணிப் பாருங்கள். 2010 ஜனவரி 12ஆம் திகதி அங்கு பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அம்மாத இறுதியில், 33 சிறுவர்களைப் பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்ற பத்து அமெரிக்க பப்டிஸ்ட் சபையினர் எல்லையில் கைதாகினர். அநாதைகளை மீட்பதாகவே அவர்கள் கூறினர். விசாரித்தபோது, பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தமை தெரியவந்தது. கல்வி கிடைக்கும் என்ற வாக்கை நம்பி, பெற்றோரே கையளித்திருந்தார்கள்.

இது ஒரு குழுவின் தவறு மட்டுமன்று. ஹெயிட்டியின் சிறுவர் இல்லங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 30,000 பிள்ளைகளுள் 80 வீதமானோருக்குத் தாயோ தந்தையோ உண்டென மதிப்பிடப்பட்டது. அவர்கள் அங்கு வந்தது வறுமையால். பாடசாலைக் கட்டணம் செலுத்த இயலாத தாய், இல்லத்தில் விட்டால் படிப்பும் சோறும் கிடைக்கும் என்று எண்ணுகின்றாள். இல்லமோ வெளிநாட்டு விருந்தினரின் காணிக்கையால் நடக்கின்றது. கட்டில் வெறுமையாயிருந்தால் காணிக்கை வராது. ஆகவே பிள்ளைகள் தேடப்படுகின்றார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த பணமே பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பிரிக்கும் விலையாகிவிடுகின்றது.

அமெரிக்கரைக் குறைகூறிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. ஐ.நா. அமைதிப் படையில் ஹெயிட்டிக்குச் சென்ற நம் நாட்டுப் படையினருள் நூற்றுக்கும் மேற்பட்டோர், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் 2007ஆம் ஆண்டு திருப்பி அனுப்பப்பட்டனர். சிறுமியரும் அதில் பாதிக்கப்பட்டனர். காக்கப் போனவர் என்ற பெயர் ஒருவரைத் தூயவராக்கிவிடாது.

1968இல் இவான் இலிச் என்ற கத்தோலிக்கக் குரு, மெக்ஸிக்கோவில் தொண்டாற்றச் செல்லும் அமெரிக்க மாணவரிடம், பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற கருத்தில் கடுமையாகப் பேசினார். அக்கடுமை முழுவதையும் என்னால் ஏற்க இயலவில்லை. புனித யோசேப் வாஸும் வெளிநாட்டவரே. கோவாவிலிருந்து 1687இல் ஏழைக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். நம் மொழியைக் கற்றார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை தாயகம் திரும்பவில்லை. அவருக்குப் பயணத்தின் முடிவு என்ற ஒன்றே இருக்கவில்லை.

ஹெயிட்டியிலும் அத்தகையோர் உண்டு. ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைக் கைப்பற்றிய பின், குறுகிய காலக் குழுக்கள் செல்வது அரிதாகிவிட்டது. 2021 ஒக்டோபரில், சிறுவர் இல்லமொன்றைப் பார்த்துத் திரும்பிய 17 வெளிநாட்டு மறைப்பணியாளர் கடத்தப்பட்டனர். 2025 மார்ச் இறுதியில் மிரெபலே நகரில் இரு ஹெயிட்டிய அருட்சகோதரியர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில், 1993 முதல் அங்கேயே தங்கி மாற்றுத்திறனாளிச் சிறுவரைப் பராமரித்துவரும் அயர்லாந்துப் பெண்மணி கடத்தப்பட்டு, அதே மாத இறுதியில் விடுவிக்கப்பட்டார். அவர் நடத்துவதும் ஓர் இல்லமே. பராமரிக்க எவருமற்ற பிள்ளைக்கு இல்லம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. தாயிருக்கும் பிள்ளையின் நிலைதான் வேறு.

வாசகர்களே, நம் புலம்பெயர் உறவினர் பலர் விடுமுறையில் ஊர் வந்து, பிறந்தநாளன்று சிறுவர் இல்லத்தில் உணவளித்து, படமெடுத்துச் செல்கின்றார்கள். அடுத்த முறை அவர்களோடு நீங்களும் சென்றால், இங்குள்ள பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாய் இருக்கின்றாள் என்று பொறுப்பாளரிடம் பணிவோடு கேளுங்கள். அவளுடைய வீட்டிற்கும் ஒருமுறை போய்வாருங்கள். அன்றைய விருந்துச் செலவில் அவளுடைய பிள்ளைக்கு எத்தனை மாதம் கொப்பியும் சப்பாத்தும் வாங்கலாம் என்று, அவளோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள்.