பெயரன் இல்லாத பாட்டன்மார்

முன்னோரைத் தேடுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றொரு எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா சென்று குடியானவர்களாகிவிட்ட ஒரு குடும்பத்தின் கொள்ளுப் பேரன், தன் பூட்டனார் உழுத நிலத்தின் பத்திரத்தையும் அதற்கும் முந்தைய தலைமுறையின் ஞானஸ்நானப் பதிவையும் தேடி எடுத்து மகிழ்வதைப் பார்க்கும்போது, "இவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம்மவர்க்கு அது ஒருபோதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை, குடியுரிமையையும் குடியிருக்கும் மண்ணையும் தீர்மானிக்கிற காரியமாகவே இருந்து வந்திருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த ஸ்காட்லாந்துக்காரரின் வசதி எத்தகையது என்று பார்ப்போம். மலைநாட்டுக் குத்தகைக் குடிகளை வெளியேற்றிவிட்டு அவர்கள் நிலத்தில் செம்மறியாடுகளை விட்டார்கள் நிலக்கிழார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அப்படி விரட்டப்பட்டவர்களும், வறுமையால் தாமாகவே புறப்பட்டவர்களும் கடல் கடந்தனர். அமெரிக்கா 1862இல் இயற்றிய குடியேற்ற நிலச் சட்டம், ஒரு நிலத்தில் ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை சொந்தமாக்கித் தந்தது. (அந்த நிலம் அங்கே காலங்காலமாக வாழ்ந்த தொல்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.) நிலம் கேட்டு எழுதிய விண்ணப்பம், சாட்சிகளின் வாக்குமூலம், இறுதிப் பட்டயம் எல்லாம் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. ஸ்காட்லாந்தின் பக்கமோ, திருச்சபைப் பதிவேடுகளில் மிகப் பழையது 1553ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1855 முதல் அரசே பிறப்பையும் இறப்பையும் பதிந்து வருகிறது. புறப்பட்ட கரையிலும் காகிதம் உண்டு, சேர்ந்த கரையிலும் காகிதம் உண்டு. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

அந்த அமெரிக்கச் சட்டத்துக்கு இரண்டாண்டுகள் முன்னர், 1860 அக்டோபரில், 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் தொகுதி அது. 1911 வரை அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர்; அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். இவர்களுக்கும் கணக்கு ஐந்தாண்டுதான். ஆனால் முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து மேலும் ஐந்தாண்டு தங்கியவர்களுக்கு, ஊர் திரும்பும் பயணச் செலவுக்கு ஈடாக நிலம் தரலாம் என்று ஒரு காலத்தில் ஏற்பாடு இருந்தது. மிகச் சிலருக்கே அது கிடைத்தது. 1891இல் அதுவும் நீக்கப்பட்டது. 1895இல் இயற்றப்பட்ட சட்டம், மறு ஒப்பந்தமும் செய்யாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்குகிறவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. அதாவது ஆறு மாதக் கூலி. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த போராட்டத்தின் கோரிக்கைகளுள் இந்த வரியின் நீக்கமும் ஒன்று. அந்த ஆண்டே வரி நீக்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு அவர்களில் பலர் விவசாயிகளாயினர் என்பதுதான் வியப்பு. டர்பனைச் சுற்றியிருந்த மேட்டு நிலங்களையும் ஆற்றங்கரைச் சதுப்புகளையும் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள். நகரத்தின் அடுப்புகளுக்குக் கீரையும் மிளகாயும் கத்திரியும் கூடையில் சுமந்து விற்றார்கள். பின்னர் 1950இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. கேட்டோ மேனர் போன்ற பகுதிகளில் வேர் பிடித்திருந்த குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, 1960களில் சாட்ஸ்வொர்த் போன்ற புதிய குடியிருப்புகளில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. ஒரே வம்சம் இருமுறை மண்ணை இழந்தது. அவ்வம்சத்தில் வந்தவர் இன்று தம் முன்னோரைத் தேடும்போது, அவருக்கு டர்பன் தோட்டத்தின் பத்திரம் கிடைப்பதில்லை. கிடைப்பது கப்பல் பதிவேடு ஒன்றே.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரிசை எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியன அதன் பத்திகள். மனிதரைச் சரக்காக எண்ணியவர்கள், ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்த கணக்கு அது. இடது புருவத்தில் தழும்பு, வலது காலில் சுட்ட வடு என்று குறிக்கப்பட்டிருப்பதைப் படிக்கையில் உடல் கூசுகிறது. ஆனால் வரலாற்றின் விசித்திரம் பாருங்கள், நம் எளிய மக்களைப் பற்றி ஆளுக்கொரு வரியாக, பெயர் சொல்லி எழுதிய ஆவணங்கள் அக்காலத்தில் வேறு எத்தனை இருக்கின்றன? மொரீசியசுக்குச் சென்ற ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியரின் பதிவுகளும், அவர்களில் பலருடைய புகைப்படங்களும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. தழும்பு வரை எழுதிய கை அன்பின் கை அல்ல. எனினும் அந்தக் கை எழுதியதால்தான் ஒரு பேத்தி இன்று தன் பாட்டியின் பாட்டியைக் கண்டடைகிறாள்.

காகிதமே இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியின் பின்னால் சென்றார்கள். ஆளுக்கொரு வரி எழுதிய கப்பல் பட்டியல் அவர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை. அவர்கள் வாழ்க்கையை ஆண்ட காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தன் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவும்படி அது கேட்டது. கடன் எவ்வளவு என்று எழுதி வைத்தவர்கள், தந்தை எங்கே பிறந்தார் என்று எழுதி வைக்கவில்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களாயினர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று. இதைவிடக் கொடிய வம்சாவளிக் கணக்கு ஒன்று உண்டா?

இங்கே இலக்கியம் படிக்கிற நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதான். இலங்கைத் தோட்டத்தின் அவலத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். நாமும் படித்துக் கலங்கினோம். கலங்கியதோடு கடமை முடிந்தது என்று நின்றுவிட்டோம். பாரதி பாடிய பெண்களின் பெயர்கள் என்ன, அவர்கள் எந்தத் தாலுகாவிலிருந்து போனார்கள் என்று தேட நமக்குத் தோன்றவில்லை. தேடுகிறவர்கள் எல்லாம் அந்தக் கரையிலிருந்து வருகிறார்கள். ஆங்கிலேய எழுத்தரின் காதில் விழுந்தபடி சிதைந்து எழுதப்பட்ட கிராமப் பெயரை வைத்துக்கொண்டு, வட ஆற்காட்டிலும் தஞ்சாவூரிலும் செங்கற்பட்டிலும் வழி கேட்கிறார்கள். இந்தக் கரையில் அவர்களுக்கு விடை சொல்லக்கூடிய பட்டியல் எதுவும் நம்மிடம் இல்லை.

நம் பெயரிடும் முறையே இதற்குத் தடை என்று சிலர் சொல்வதுண்டு. மக்டொனால்டின் மகன் மக்டொனால்டு, அவன் மகனும் மக்டொனால்டு. நமக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்து, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும், ஆகவே மூன்றாம் தலைமுறையில் தடம் அழிகிறது என்பது அவர்கள் வாதம். பாதிதான் உண்மை. 'பேரன்' என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள். பெயரன், அதாவது பெயரைத் தாங்குபவன். பேத்தி, பெயர்த்தி. பாட்டன் பெயரை மகனின் மகனுக்கு இடுவது என்ற வழக்கத்தைத் தமிழ் ஓர் உறவுச் சொல்லாகவே உறைய வைத்திருக்கிறது. முனுசாமியின் மகன் கோவிந்தன், கோவிந்தனின் மகன் முனுசாமி என்று பெயர்கள் மாறி மாறி வருமானால், பதிவேட்டில் தேடுபவருக்கு அது நல்ல துப்பு. ஸ்காட்லாந்திலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் பழக்கம் இருந்தது. அங்கே தேடுவோர் அதைக் கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். நமக்கும் அந்தக் கருவி மொழிக்குள்ளேயே இருக்கிறது. பூட்டன், ஓட்டன், கொள்ளுப் பாட்டி, எள்ளுப் பாட்டி என்று உறவுகளுக்குச் சொல் வைத்திருக்கிறோம். அந்தச் சொற்களுக்கு உரியவர்களின் பெயரைக் கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறோம்.

போனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இருந்தவர்களை மறந்துவிடுவோம். 1860இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகளில்தான் மனிதரும் சரக்கும் அலை கடந்து கப்பலுக்குப் போக வேண்டும். அப்படகுகளை வலித்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். ட்ரூரோவில் ஏறிய 342 பேருக்குப் பெயர் இருக்கிறது. அவர்களை அலைமேல் கொண்டுபோய் ஏற்றிவிட்டவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

அந்த இன்மையின் விலையை நொச்சிக்குப்பத்தில் பார்க்கலாம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, லூப் சாலையை ஒட்டிய மீனவர் ஊர் அது. 2023 ஏப்ரலில் அந்தச் சாலையோர மீன்கடைகள் உயர்நீதிமன்ற உத்தரவை ஒட்டி அகற்றப்பட்டபோது, சாலை எங்கள் கரைமேல் போடப்பட்டது, நாங்கள் சாலைமேல் கடை போடவில்லை என்பதே ஊராரின் வாதமாக இருந்தது. 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி நல்லதா, பழைய இடம் நல்லதா என்பது வேறு விவாதம். நான் கவனிப்பது ஒன்றைத்தான். வலை உலர்த்தும் மணலுக்கும் படகு ஏற்றும் கரைக்கும் தனிப்பட்டா என்று ஒன்று இருப்பதில்லை. "எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கப்பட்டால், எடுத்துக்காட்ட இருப்பது பாட்டன் பெயரும் அவன் பாடு பார்த்த இடங்களின் பெயரும் மட்டுமே. அவையும் எழுதப்படாமல் கிழவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியதும் அன்று. கப்பலேறியவர்களில் பலர் ஊரை, கடனை, சாதியை உதறிவிட்டுப் போனவர்கள். பெயரை மாற்றிச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் அறுத்துக்கொண்ட கயிற்றை நாம் ஏன் முடிச்சுப் போட வேண்டும், இந்தத் தேடல் கடைசியில் சாதிப் பெருமையில்தானே போய் முடியும் என்பது அந்த மறுப்பு. அந்த அபாயம் மெய்யானது. பதிவேட்டின் சாதிப் பத்தியை முதலில் பார்க்கும் கண் நமக்கு இருக்கும் வரை அது நீங்காது. ஆயினும், உதறிச் செல்லும் உரிமை பாட்டனுக்கு இருந்ததைப் போலவே, அவன் ஏன் உதறினான் என்று அறியும் உரிமை பேரனுக்கு இருக்கிறது. அதை அறியாவிட்டால் ஊரின் குற்றமும் சேர்ந்தே மறைந்துபோகும்.

அரசுகளும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. மொரீசியசில் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினரும் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுக்கென ஒரு தரவுத்தளம் உருவாக்கப்பட வேண்டும் என்று 2025 ஜனவரியில் புவனேசுவரத்தில் பிரதமர் பேசினார். நல்லது. ஆனால் அந்தத் தரவுத்தளம் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் நின்றுவிட்டால் பாதிப் பயன்தான். சிதைந்த ஊர்ப்பெயர்களைத் தாலுகா வாரியாகச் சரியான தமிழ்ப் பெயர்களோடு பொருத்தும் அகரவரிசை ஒன்று வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள குடியேற்றக் கோப்புகளுக்குத் தமிழில் ஓர் அடைவு வேண்டும். இவை தமிழ் அறிந்தவர்களால் மட்டுமே ஆகக்கூடிய பணிகள். மூலபாடம் ஒப்பிட்டுச் சுவடி பதிப்பித்த மரபு நம்முடையது. அதே பொறுமையைக் கூலிகளின் பெயர்ப் பட்டியலுக்கும் தரலாம்.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதி வையுங்கள். ஆண்களின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பாட்டிகளின் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் கேளுங்கள், முதலில் மறக்கப்படுவது அவைதாம். யாரேனும் கப்பலேறிப் போய்த் திரும்பாமற்போன கதை இருந்தால், அவர் பெயரையும் போன ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு பதிவேட்டில் அதே பெயர் ஒரு தழும்பின் குறிப்போடு காத்துக்கொண்டிருக்கக்கூடும்.