பாட்டனார் கோடரி

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று நெஞ்சைத் தொட்டது. பாட்டனார் விறகு கொத்திய கோடரி கோடிப்புறத்திலே கிடந்து கறளேறிப் போயிற்றாம். பழைய இரும்பு வாங்குபவர் அதனை எடைக்குக் கேட்கிறாராம். கொடுத்துவிடலாமா என்று வடமராட்சி அன்பர் ஒருவர் வினவுகிறார். கொடுக்க வேண்டாம், அன்பரே! கறளைப் போக்கலாம், பாட்டனார் கைபட்ட கருவியை மீண்டும் விலைக்கு வாங்க இயலாது.

முதலில் கறளின் இயல்பை அறிந்துகொள்வோம். இரும்போடு நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடும்போது கறள் பிறக்கிறது. கடற்காற்றின் உப்பு அதனை விரைவுபடுத்தும். கறள் பொருக்காய் உதிர்வதால் ஈரம் மேலும் உள்ளே புகுந்து நல்ல இரும்பையும் அரிக்கும். ஆனால், கருமையெல்லாம் கறள் அன்று. பழைய இரும்பின்மேல் வழவழப்பாகப் படிந்த கரும்படலம் ஓரளவு காவலாகும். நீக்கவேண்டியது செந்நிறப் பொருக்கை மட்டுமே.

துப்புரவு செய்யும் முறை

மண்ணெண்ணெயில் தோய்ந்த துணியால் கோடரித் தலையைச் சுற்றி, அடுப்புக்கு எட்டத்தில் ஓரிரவு வைக்க. மறுநாள் கம்பித் தூரிகையாலோ தேங்காய்ப் பொச்சாலோ தேய்த்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். எஞ்சிய கறள் தடிப்பாயின், காம்பைக் கழற்றியபின் தலையை வினாகிரியில் 12 மணி முதல் 24 மணி வரை ஊறவிடலாம். இடையிடையே எடுத்துப் பார்த்தல் வேண்டும். மிஞ்சினால் நல்ல இரும்பையும் அது தின்னும். செய்தவரின் முத்திரை மங்கலாகத் தெரியுமாயின் வினாகிரியைத் தவிர்ப்பதே நலம். ஊறியபின் அப்பச்சோடா கரைத்த நீரிற் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துக. ஈரத்தோடு விட்டால் சிறிது நேரத்திலேயே புதுக்கறள் பூக்கும்.

செய்யத்தகாதவை

முறிந்த காம்பை நீக்குவதற்காகத் தலையை அடுப்பில் இடுவோர் உளர். இது பெருந்தவறு. ஏறத்தாழ 300 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கு நீலநிறம் கொள்ளும். வாயின் வன்மையும் குறைந்துவிடும். பின்பு எத்துணை தீட்டினும் கூர் நில்லாது; கொல்லரிடம் கொடுத்து மீண்டும் பதமேற்றுவதே வழி. மின்சாரச் சாணையிலும் இதே ஆபத்து உண்டு. ஆதலின் அரத்தாலும் தீட்டுக்கல்லாலும் கையாலேயே பொறுமையாகத் தீட்டுக.

காம்பு ஆடுமாயின் கோடரியை நீர்வாளியில் ஊறவைப்பதும் நம்மவர் வழக்கம். மரம் ஊதி அன்றைக்கு இறுகும். உலர்ந்தபின் முன்னிலும் அதிகமாகத் தளரும். ஓங்கும்போது தலை கழன்று பறந்தால் அருகில் நிற்கும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. புதிய ஆப்பு இறுக்குக. மரம் வெடித்திருப்பின் காம்பையே மாற்றுக. உறுதியாயுள்ள பழங்காம்பை மாற்ற வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினாற் போதும். பூசிய துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியிலே விரித்து உலரவிடுக.

பேணும் முறை

உலர்ந்த இரும்பில் தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுக. தேங்காயெண்ணெய் அவசரத்துக்கு உதவும். நாட்பட்டால் சிக்குப் பிடிக்கும். தோலுறையில் நெடுநாள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துக் கறளை வளர்க்கும். சீமெந்துத் தரையிற் கிடத்தாது, காற்றோட்டமான இடத்திலே தொங்கவிடுக.

ஆண்டுக்கொரு முறை எண்ணெயிட நாள் தேடவேண்டியதில்லை. நவராத்திரியின் ஆயுத பூசை, மாரி மழை வலுக்குமுன்னரே வருகிறது. கருவிக்குப் பொட்டிடுமுன் கறள் பார்த்து எண்ணெயும் பூசிவிட்டால், பூசையும் நிறைவுறும். பாட்டனார் கோடரி பேரன் கைக்கும் போய்ச் சேரும்.