பட்டியலை நாங்களும் பார்க்கலாமா?

நம் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் பாடத்திற்கு வேண்டிய பக்கம் ஒன்றைத் திறந்தால், நடுநடுவே வெற்றுக் கட்டங்கள் தெரிவதை மாணவியர் பலரும் கண்டிருப்பீர்கள். பழுதாகிவிட்டதென்று பயந்து ஆசிரியையை அழைத்தவர்களும் எங்களுள் உண்டு. அது பழுதன்று. அங்கே வரவேண்டிய விளம்பரம் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. அனுப்புவது, கூடத்தின் மூலையில் திரை கூட இல்லாமல் உறுமிக் கொண்டிருக்கும் பழைய கணிப்பொறி. அதற்குப் ப்ராக்ஸி சர்வர் என்று பெயர்.

இந்த மூலைப் பெட்டியைப் பற்றி மேல்நிலை வகுப்பு மாணவியராகிய எங்களுக்குள் இவ்வாண்டு பெரிய வாக்குவாதமே நடந்தது. அதில் நாங்கள் கண்ட முடிவைப் பணிவுடன் இங்கே எழுதுகிறோம்.

அதன் வேலை விடுதித் தோழியருக்கு எளிதில் விளங்கும். விடுதியில் நாம் நேரே கடைக்குப் போவதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆயா போய் வாங்கி வருவார். கடைக்காரருக்கு ஆயாவைத் தெரியுமே தவிர நம்மைத் தெரியாது. ப்ராக்ஸியும் அப்படித்தான். கூடத்திலுள்ள எல்லாக் கணிப்பொறிகளின் கோரிக்கைகளும் முதலில் அதனிடம் போகின்றன. 'இந்த இந்தக் கடைகளுக்குப் போக வேண்டாம்' என்று அதன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயரானால் மறுத்துவிடும். இல்லையானால் போய் வாங்கி வந்து தரும். நம் கூடத்தில் இதைச் செய்யும் மென்பொருள் ஸ்குவிட் என்பது. 1996 முதல் இலவசமாகக் கிடைத்து வருகிறது. (ஸ்குவிட் என்றால் கணவாய் மீன். கடற்கரை ஊர்த் தோழியர் கேட்டவுடன் சிரித்துவிட்டார்கள்.)

விளம்பரத்தைத் தடுப்பானேன் என்று கேட்கலாம். ஒரு நாள் எங்கள் கணிப்பொறி ஆசிரியை ப்ராக்ஸியின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நாங்கள் கேட்டது சோழர் கோயில்கள் பற்றிய ஒரே ஒரு பக்கம். ஆனால் அந்தப் பக்கம், எங்களைக் கேளாமலே, எங்கள் கணிப்பொறியை வேறு பல இடங்களுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறது! திரை நிரம்ப வரிசையாகப் பெயர்கள். அவற்றில் ஒன்று கூட எங்களுக்குத் தெரிந்த பெயரன்று. பெரும்பாலானவை விளம்பர நிறுவனங்களின் சர்வர்கள். ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் இடம் பிடித்து வைத்திருப்பதால், இன்று கோயிலைப் படித்த கணிப்பொறியும் நாளை செருப்பு விலை பார்க்கும் கணிப்பொறியும் ஒன்றே என்பதை அது கண்டுகொள்கிறது.

இணையத்தில் பதாகை விளம்பரம் தோன்றியது 1994 அக்டோபர் 27 அன்று, ஹாட்வயர்டு என்னும் அமெரிக்கத் தளத்தில் என்பார்கள். அன்று அது வெறும் படம். இன்று படத்திற்குப் பின்னால் கணக்கெழுதும் கை ஒன்று இருக்கிறது.

எங்களுள் ஒரு தோழி இதை ஒப்பவில்லை. "விளம்பரம் இல்லாவிட்டால் இலவசமாகப் படிக்கத் தருபவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இம்மலரின் கடைசிப் பக்கங்களில் கூட நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரம் தந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த நகைக்கடை விளம்பரம், அதைப் பார்ப்பவள் யார், எத்தனை நிமிடம் பார்த்தாள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. 2023-இல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்ற விதி இடம் பெற்றிருக்கிறது. ஆகவே வெற்றுக் கட்டங்கள் அப்படியே இருக்கட்டும் என்பதே எங்களில் பெரும்பாலோர் கருத்து. தோழி மட்டும் இன்னும் ஒப்பவில்லை.

அதே பட்டியல் விளம்பரங்களோடு நிற்காமல் தளங்களையும் தடுக்கிறது. வேண்டாத தளங்கள் இருக்கத்தான் இருக்கின்றன. அவற்றைத் தடுக்கும் சிஸ்டர்மார்களின் அக்கறையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று நடந்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாருக்கு மார்பில் கட்டி ஒன்று இருப்பதாகத் தெரிந்து, மருத்துவமனையில் சோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். வீட்டில் யாரும் அவளிடம் மனம் விட்டுப் பேசவில்லை. கூடத்தில் ஓய்வு நேரத்தில் அவள் மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவத் தளம் ஒன்றைத் திறந்தாள். 'இத்தளம் தடை செய்யப்பட்டது' என்று திரை முழுவதும் சிவப்பு எழுத்து! பின் வரிசையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவள் கணிப்பொறியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வாரம் அந்தப் பயத்தை அவள் தனியாகவே சுமந்தாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிரித்தவர்களுள் நாங்களும் சிலர் இருந்தோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நடந்தது இதுதான். இப்போது பெரும்பாலான தளங்கள் செய்தியை மறைமொழியாக்கி அனுப்புகின்றன. அதாவது ஆயாவிடம் தரும் சீட்டு உறையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. கடையின் பெயரை மட்டும்தான் அவரால் படிக்க முடியும். எனவே ப்ராக்ஸி பெயரை வைத்தே தீர்ப்புச் சொல்கிறது. தகாத சொற்கள் என்று யாரோ தொகுத்த கோப்பில் உடலுறுப்பின் ஆங்கிலப் பெயரும் இருந்தது; மருத்துவத் தளத்தின் பெயரிலும் அதே சொல். இயந்திரத்துக்கு நோயும் தெரியாது, நோக்கமும் தெரியாது. இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்று ஓர் ஊர். அப்பெயருக்குள் ஒரு தகாத சொல்லின் எழுத்துகள் ஒளிந்திருந்ததால், 1996-இல் அவ்வூரார் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியாமல் போயிற்று. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதே தவறு நம் கூடத்தில்.

பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள் என்று முதலில் கேட்டோம். கெட்ட தளங்களின் பெயரை ஒட்டினால் அதுவே வழிகாட்டிப் பலகையாகிவிடாதா என்று எங்கள் வகுப்பு சிஸ்டர் கேட்டார்கள். உண்மைதான், எங்களுக்கு அது தோன்றவில்லை. ஆகவே கோரிக்கையைத் திருத்திக்கொண்டோம். விளம்பர சர்வர்களின் பெயர்களை முழுமையாக ஒட்டலாம். மற்றவற்றில் எந்த வகைத் தளங்கள் தடுக்கப்படுகின்றன என்பதை மட்டும் எழுதினால் போதும். முழுப் பட்டியலையும் சொற்கோப்பையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் ஆண்டுக்கொரு முறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு தாயாவது உடன் இருந்து படித்திருந்தால் அந்தச் சொல்லை அன்றே அடித்திருப்பார். இன்னொன்று: யார் எதைத் தேடினாள் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. அதை வகுப்பில் உரக்கப் படிக்கும் நாள் வரவே கூடாது.

தோழியின் தாயாருக்கு வந்தது சாதாரண நீர்க்கட்டி என்று சோதனையில் தெரிந்தது. சொற்கோப்பிலிருந்து அந்தச் சொல்லை ஆசிரியை நீக்கிவிட்டார். கூடத்தின் மேசை மீது இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. திறக்க வேண்டிய தளத்தை அதில் எழுதி வைக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. இதுவரை நான்கு கோரிக்கைகள். மூன்று திறக்கப்பட்டன. நான்காவது ஒரு விளையாட்டுத் தளம். 'தேர்வு முடியட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.