தபாலில் போட்டி: யாருக்கு இலாபம், யாருக்குக் காத்திருப்பு?

ஒரு காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதத்துக்காக நாம் வாசலைப் பார்த்துக் காத்திருந்தோம். இன்று ஊருடன் வட்ஸ்அப்பில் பேசுகிறோம். ஆனாலும் எமது காத்திருப்பு முடியவில்லை. வைத்தியசாலைத் திகதி, வதிவிட விண்ணப்பத்துக்கான பதில், நகரசபை அறிவித்தல் என முக்கியமான பல விடயங்கள் இன்னமும் தபாலில்தான் வருகின்றன. குறிப்பாக, இணையம் பழகாத எமது பெற்றோருக்குத் தபால்காரர் இன்றும் தேவையானவர்.

பிரித்தானியாவில் 1840இல் ஒரு பென்னி முத்திரை அறிமுகமானபோது, தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம் என்ற கொள்கை வேரூன்றியது. லண்டனில் இலாபம் தரும் கடிதமே ஷெட்லாண்ட் தீவுக்குப் போகும் கடிதத்தின் நட்டத்தையும் சுமந்தது. 2006 ஜனவரி 1இல் கடிதச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. போட்டி வந்தால் செயற்திறன் கூடும், விலை குறையும் என்றார்கள்.

நடந்தது வேறு. போட்டி நிறுவனங்கள் வங்கிகளின் மொத்தக் கடிதங்களைச் சேகரித்துத் தரம்பிரித்தன. அவற்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் செலவுமிக்க வேலையை ரோயல் மெயிலிடமே கட்டணம் கொடுத்து ஒப்படைத்தன. விஸ்ல் நிறுவனம் தானே வீடுவீடாகக் கடிதம் விநியோகிக்க முயன்றது. அதுவும் லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல் பகுதிகளில் மட்டுமே. 2015இல் அதையும் கைவிட்டது.

2013இல் ரோயல் மெயிலின் பங்குகள் தலா 330 பென்சுக்கு விற்கப்பட்டன. முதல் நாளிலேயே விலை 38 சதவீதம் உயர்ந்தது. பொதுச் சொத்து மலிவாகப் போய்விட்டது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அந்த ஆண்டு 60 பென்சாக இருந்த முதல் வகுப்பு முத்திரை 2025 ஏப்ரலில் 1.70 பவுண் ஆனது. அதே ஆண்டு நிறுவனம் செக் நாட்டுச் செல்வந்தர் டானியல் கிரெட்டின்ஸ்கியின் குழுமத்திடம் போனது.

ஆனால் தனியார்மயத்தின் மீது மட்டும் பழியைப் போடுவது சரியல்ல. 2004-05இல் 20 பில்லியனாக இருந்த கடிதங்கள் இப்போது அதன் மூன்றில் ஒரு பங்குதான். டென்மார்க்கைப் பாருங்கள். அங்குள்ள போஸ்ட்நோர்ட், சுவீடன், டென்மார்க் அரசுகளுக்கே சொந்தமானது. 2024இல் அமுலுக்கு வந்த சட்டம் சகலருக்கும் சேவை வழங்கும் கடப்பாட்டை நீக்கியது. கடிதங்களுக்கு வற் வரியும் வந்தது. 2025 டிசம்பர் 30ஆம் திகதியுடன், 400 ஆண்டு கால அரச கடித விநியோகம் அங்கு முடிந்தது. சிவப்புத் தபால்பெட்டிகள் அகற்றப்பட்டன. கடிதங்களை இப்போது டாவோ என்ற தனியார் நிறுவனம் கொண்டுசெல்கிறது.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. உரிமையாளர் யார் என்பதைவிட, சட்டம் அவரை எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்பதே முக்கியம். பிரித்தானியாவில் அந்தக் கடப்பாடு இன்னமும் இருப்பதால்தான், 2025 ஒக்டோபரில் தாமதங்களுக்காக ரோயல் மெயிலுக்கு 21 மில்லியன் பவுண் அபராதம் விதிக்க ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம்மால் முடிந்தது. முதல் வகுப்புக் கடிதங்களில் 77 சதவீதமே உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. இலக்கு 93 சதவீதம். ஆனால் அதே ஒஃப்கொம் அந்த இலக்கை 90 ஆகக் குறைத்தும், இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒன்றுவிட்டொரு வேலைநாளில் விநியோகிக்க அனுமதித்தும் இருக்கிறது. கடப்பாடு ஒரே நாளில் மறைவதில்லை. இப்படித்தான் படிப்படியாகத் தேயும்.

நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவு கணக்கில் செயற்திறனாகத் தெரியும். பிந்தி வந்த கடிதத்தால் சிகிச்சைத் திகதியைத் தவறவிடும் முதியவரின் இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. எனவே இத்தகைய மாற்றங்கள் குறித்துப் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படும்போது எமது சங்கங்களும் முதியோர் அமைப்புகளும் எழுத வேண்டும். எமது நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் இதைக் கேட்க வேண்டும். அதுவரை, வீட்டிலுள்ள பெரியவர்களின் வைத்தியசாலைத் திகதிகளைத் தொலைபேசியிலும் ஒருமுறை உறுதிசெய்து கொள்வோம்.